கடல் கடந்து வீடு வாங்குமுன்



தறியோசை கேட்கும் ஆரணித் தெருக்களில் இன்று வேறொரு பேச்சும் கேட்கின்றது. பட்டு நெய்த கைகளின் பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்றுச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்கின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் மகன் வேலையில் சேர்ந்து ஆறு திங்கள் ஆகுமுன்னரே, "வாடகை கொடுத்து என்ன பயன்? அங்கேயே ஒரு வீடு வாங்கிவிடலாம், ஒரு காரும் வேண்டும்" என்னும் எண்ணம் தலையெடுக்கின்றது. அதற்காகத் தறி போட்ட வீட்டையோ, ஊருக்கு வெளியேயுள்ள நஞ்சையையோ விற்றுப் பணம் அனுப்பலாமா எனப் பெற்றோர் கேட்கின்றனர். இத்திங்கள் அதனையே சிந்திப்போம்.

முதலில் சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டவருள் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டோர், 1960-இல் நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். வேலை அனுமதியில் சென்றவர் அவ்வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கலாம், வாங்க இயலாது. நிரந்தரவாசத் தகுதி பெற்ற குடும்பமும் மூன்றாண்டுகள் காத்திருந்த பின்னரே, அதுவும் மறுவிற்பனை வீட்டை மட்டுமே வாங்கலாம். ஒவ்வோர் அடுக்குமாடியிலும் இன்னின்ன இனத்தவர் இத்தனை பங்கினர் என்னும் வரம்பு 1989 முதல் உண்டு. இந்தியர்க்குரிய பங்கு நிறைந்துவிட்டால், அங்கு இந்தியரல்லாதவரின் வீட்டை நம்மவர் வாங்க முடியாது. தனியார் வீடு வாங்கலாமே என்பீர்கள். 2023 ஏப்ரல் 27 முதல் அயல்நாட்டவர் வீட்டின் விலையில் நூற்றுக்கு 60 பங்கைக் கூடுதல் முத்திரை வரியாகச் செலுத்த வேண்டும். 10 லட்சம் வெள்ளி வீட்டிற்கு வரி மட்டும் 6 லட்சம் வெள்ளி!

காரின் கதை இதனினும் வியப்பானது. அங்கே கார் வாங்குமுன், காரை வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெற வேண்டும். இம்முறை 1990-இல் தொடங்கியது. சான்றிதழ் பத்தாண்டுகளுக்கே செல்லும். 2023-இல் சிறிய காருக்குரிய சான்றிதழின் விலையே ஒரு லட்சம் வெள்ளியைக் கடந்தது. காரின் விலையும் ஏனைய வரிகளும் தனி. 1987 முதல் ஓடும் விரைவு இரயில் வீட்டருகே வந்து நிற்கும் ஊரில், புதிதாய்ச் சென்றவருக்கு அந்தச் சுமை எதற்கு?

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்றை மறவாதீர்கள். வேலை அனுமதி வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்தால், வேறு வேலை கிடைக்காதவர் அந்நாட்டில் தங்கப் பொதுவாக 30 நாள்களே கிடைக்கும். முப்பது ஆண்டுக் கடனையும் முப்பது நாள் தவணையையும் எவ்வாறு பொருத்துவது?

துபாயில் 2002 முதல் குறிப்பிட்ட பகுதிகளில் அயல்நாட்டவர் வீட்டைச் சொந்தமாக வாங்க வழி பிறந்தது. பலர் கடன் பெற்று வீடும் காரும் வாங்கினர். 2008-09-இல் நிதி நெருக்கடி வந்தது. வேலை இழந்தவர்கள், கடனைக் கட்டத் தவறினால் சிறை செல்ல நேரிடுமென அஞ்சி, கார்களை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு நாடு திரும்பிய செய்திகள் அன்று உலகெங்கும் வெளியாயின. ஆஸ்திரேலியாவோ 2025 ஏப்ரல் 1 முதல் ஈராண்டுக்கு, தற்காலிக அனுமதியில் வாழ்வோர் பழைய வீடுகளை வாங்குவதற்குத் தடை விதித்தது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆண்டுக்கு ஆண்டு அது மாறவும் செய்யும்.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி இங்கு வாழும் ஒருவர் நிதியாண்டு ஒன்றிற்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அயல்நாட்டிற்கு அனுப்பலாம். வீடு வாங்க அனுப்பும் தொகை ஆண்டிற்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு நூற்றுக்கு 20 வீதம் வங்கி முன்வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதனை ஈடுசெய்துகொள்ளலாம். எனினும் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

நஞ்சையை விற்க எண்ணுவோர் இதனையும் கருத்தில் கொள்க. அயல்நாட்டில் குடியேறிய இந்தியர், தமக்கு முன்னரே உரிய விளைநிலத்தை வைத்துக்கொள்ளலாம். பெற்றோரிடமிருந்து வாரிசாகவும் பெறலாம். புதிதாக விலைக்கு வாங்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே இன்று மகனுக்காக விற்கும் நிலத்தை, நாளை அவன் எவ்வளவு பொருள் ஈட்டினாலும் அங்கிருந்தபடி திரும்ப வாங்க முடியாது.

வீட்டிலுள்ள பெண்மக்களையும் நினையுங்கள். நமக்குரிய 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாது இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கே தருகின்றது. ஒரு மகனின் அடுக்குமாடிக்காகக் குடும்பச் சொத்து முழுவதும் கரைந்துபோனால், மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவளையும் அழைத்து அமர்த்திப் பேசாமல் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள்.

அப்படியாயின் செய்யத்தக்கது என்ன? முதல் ஈராண்டு வாடகை வீடே போதும். அந்நாட்டின் தட்பவெப்பம், பள்ளி, வேலையின் உறுதி ஆகியவை அதற்குள் தெளிவாகும். ஆறு மாதச் செலவுக்குரிய தொகையைத் தனியே சேமிக்கட்டும். நிரந்தரவாசத் தகுதி கிடைத்த பின், தன் சம்பாத்தியத்தைக் கொண்டே முன்பணம் கட்டட்டும். காரை, பேருந்தும் இரயிலும் செல்லாத இடத்தில் வேலை அமைந்தால் மட்டும் எண்ணட்டும். ஊரிலுள்ள வீடோ, பெற்றோர் இறுதிவரை தலைசாய்ப்பதற்கு உரியது. அதனை அடகு வைக்கவும் வேண்டா.

கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடட்டும் என்பது ஆண்டவரின் அறிவுரை. நெசவாளர்க்கு இது புதிதன்று. பாவின் நீளம் அறியாமல் எவரும் சேலை நெய்யத் தொடங்குவதில்லை. பிள்ளைகளுக்கு ஆசி கூறி அனுப்புங்கள். இந்தக் கணக்கையும் சொல்லி அனுப்புங்கள்.