துக்கமும் மனச்சோர்வு நோயும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

உளப்பகுப்பாய்வு முறையில் சிகிச்சை செய்வோரின் சங்கமாகிய நாங்கள், அன்புக்குரியவரைப் பறிகொடுத்துத் துக்கத்தில் ஆழ்ந்திருப்பவரை, அறிகுறிகளின் எண்ணிக்கையை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு மனச்சோர்வு நோயாளி என்று தீர்மானிக்கும் வழக்கத்தை ஏற்கவில்லை என்பதைப் பகிரங்கமாகத் தெரிவித்துக்கொள்கிறோம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பு, நோயின் அந்தரங்கக் காரணத்தை விசாரிப்பதை விட்டு, புறத்தே தெரியும் லட்சணங்களைக் கொண்டே நோயை நிர்ணயிக்கும் மார்க்கத்தை வகுத்தது. வைத்தியருக்கு வைத்தியர் நோயின் பெயர் மாறிக்கொண்டிருந்த குழப்பம் அதனால் வெகுவாகக் குறைந்தது. அந்த உபகாரத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும், மரண துக்கத்துக்கு அப்பதிப்பே அளித்திருந்த விலக்கு, 1994-இல் நான்காம் பதிப்பில் இரண்டு மாத வரம்புக்கு உட்பட்டு, 2013-இல் ஐந்தாம் பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது; வைத்தியரின் விவேகத்தை வேண்டும் குறிப்பொன்றே எஞ்சியது. ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இரண்டு வாரம் நீடித்தால் போதும் என்ற பொது விதி, துக்கத்தில் இருப்பவரையும் இப்போது பற்றிக்கொள்கிறது.

கணவனை இழந்த இரு பெண்களை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் உறக்கமில்லை, உணவு இறங்கவில்லை, எதிலும் நாட்டமில்லை. ஒருத்தி, "அவர் இல்லாத வீட்டில் யாருக்காக உலை வைப்பேன்?" என்கிறாள், மற்றவளோ, "நான் பாவி, நான்தான் அவரைக் கொன்றேன், நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று ஓயாமல் தன்னையே நிந்திக்கிறாள். அறிகுறிப் பட்டியலில் பெரும்பாலும் ஒத்திருக்கும் இவ்விருவரின் அகநிலைகளுக்கிடையே உள்ள தூரத்தைத்தான், துக்கத்தையும் மெலங்கோலியா எனும் மனச்சோர்வு நிலையையும் ஒப்பிட்டு 1917-இல் வெளியிட்ட கட்டுரையில் பிராய்டு விளக்கினார்: முன்னதில் சுயமதிப்பு குலைவதில்லை; பின்னதில், இழந்தவர்மீது மூண்ட கோபமே உள்ளே திரும்பிச் சுயநிந்தனையாகிறது.

விலக்கு இருந்தால் மெய்யான நோயாளிகள் சிகிச்சையின்றி விடப்படுவார்கள் என்று அதை நீக்கியவர்கள் சொன்னது அலட்சியப்படுத்தத்தக்க வாதமன்று. மேற்சொன்ன இரண்டாமவளுக்குத் தாமதமின்றி உதவி வேண்டும். மருந்து அவசியமாயின் மருந்தும் வேண்டும். ஆனால் முதலாமவளுக்கு வேண்டியது, அவள் பேச்சைக் கேட்கப் பொறுமையுள்ள ஒரு செவி. 2022-இல் அதே வகைப்பாட்டு நூலில் சேர்க்கப்பட்ட ‘நீடித்த துக்கக் கோளாறு’ பெரியவர்களுக்கு ஓராண்டு என எல்லை வகுத்திருப்பதும், எங்கள் அபிப்பிராயத்தில், நாட்காட்டியிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்பதேயாகும்.

ஆகவே, இழப்புக்குப்பின் வருகிறவரிடம் யாரை இழந்தார், அவரோடு எதை இழந்தார், தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார் என்பவற்றை விசாரித்து எழுதிவைத்த பிறகே நோயின் பெயரைக் குறிக்குமாறு மனநல வைத்தியர்கள் அனைவரையும் வேண்டிக்கொள்கிறோம்.