எட்டுப் போடும் முன்னே



பங்குனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை செம்பூரிலிருந்து என் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த காரியம் அவளுடைய மகளைப் பற்றியது. அந்தப் பெண்ணுக்கு நவி மும்பையில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை முதல் தேதி சேர வேண்டும். நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ரயிலடியிலிருந்து வேலையிடம் வெகு தூரம். அந்த வேளையில் பஸ்ஸை நம்புவதற்கில்லை. துபாய்க்குப் போன தமையன் விட்டுச் சென்ற மோட்டார் சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. அதை ஓட்டத் தெரிந்தால் வேலை, இல்லையேல் இல்லை.

இந்த நிலையில் ஒரு தரகர், "பெண் ஓட்டிக் காட்டவே வேண்டாம். பணத்தைக் கொடுங்கள், உரிமம் வீடு தேடி வரும்" என்று சொல்லியிருக்கிறார். "அண்ணா, அவர் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. நீ என்ன சொல்கிறாய்?" என்று தங்கை கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இம்மாதம் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இருக்கக்கூடும்.

முதலில் என் கதை. நான் வாலிபனாக இருந்தபோது, உரிமத் தேர்வில் எட்டுப் போடச் சொன்னார்கள். முதல் வளையம் சுற்றிவிட்டேன். இரண்டாவது வளையத்தில் வண்டி சாய, என் இடக்கால் தரையில் ஊன்றிவிட்டது. அதிகாரி ஒன்றும் பேசாமல் தாளில் ஒரு கோடு கிழித்தார். ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம் என்றார்கள். அவமானம் தாங்காமல், அடுத்த தெருவில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனேன். அந்த ஏழு நாளும் அவர் எனக்கு எட்டைவிட அதிகமாக நிறுத்தத்தான் கற்றுக்கொடுத்தார். "ஓட்டுவதற்கு வண்டிக்கே தெரியும், நிற்பதற்கு நீதான் தெரிந்திருக்க வேண்டும்" என்பார்.

ஓர் ஆண்டு கழித்து, மழைக்காலத்தின் முதல் மழை நாளில், சயான் பக்கம் ஒரு சிறுவன் குடையோடு குறுக்கே ஓடினான். வண்டி அவனுக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முதல் தடவையே நான் தேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணமே மனத்தைக் குடைந்தது. நான் தோற்ற தேர்வு ஒரு பிள்ளையைக் காப்பாற்றியது. தரகர் விற்பது அந்தத் தோல்வியிலிருந்து தப்பிக்கும் வழியை. அதனோடு வரும் பயிற்சியை எவரும் விற்க முடியாது.

இனி, காலத்தைப் பங்கிடும் வகையைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். முதலில் பழகுநர் உரிமம் பெற வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று முப்பது நாள் கழிந்த பின்பே ஓட்டும் தேர்வுக்குப் போக முடியும். பழகுநர் உரிமத்துக்கான கேள்விகளில் சாலைச் சின்னங்கள் பற்றியவையும் உண்டு. ஊர் மொழி சரியாக வராத நம்மவருக்கு இது ஓர் அனுகூலம், சின்னங்களுக்கு மொழியில்லை. சிவப்பு வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீள்சதுரம் தகவல் என்று இனம் பிரித்துப் படித்தால் இரண்டு மாலைகளில் மனத்தில் பதிந்துவிடும்.

பழகுநர் உரிமம் இந்தியா முழுவதற்கும் செல்லுபடியாகும் என்பது நம்மைப் போல் ஊரை விட்டு வந்தவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. மும்பையில் அதைப் பெற்றுக்கொண்டு, மே மாத விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கம் போகும்போது, அங்கே மாமன் துணையோடு பத்து நாள் இடைவிடாமல் பழகலாம். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். கற்பிப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னிருக்கையில் ஏற்றலாகாது.

அந்தப் பத்து நாளை எவ்வாறு செலவிடுவது? முதல் இரண்டு நாள் எஞ்சினை முடுக்கவே வேண்டாம். வண்டியைத் தள்ளி நடக்கட்டும், திருப்பட்டும், ஸ்டாண்டில் ஏற்றி இறக்கட்டும். பாரத்தை அறிந்த கைக்கு அச்சம் குறையும். அடுத்த இரண்டு நாள் கிளட்ச் பாடம். பிடியை மெல்ல விடும்போது வண்டி நகரத் துடிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் கையை நிறுத்தி, நடைவேகத்தில் நேர்கோட்டில் செல்லப் பழக வேண்டும். வேகமாக ஓட்டுவது எளிது. மெதுவாக ஓட்டுவதே வித்தை.

பிறகு மூன்று நாள் எட்டு. முன்சக்கரத்தைப் பார்த்தால் விழுவோம். போகவேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி தானே அங்கே போகும். வேகத்தைக் கிளட்சாலும் பின்பிரேக்காலும் அடக்க வேண்டும். கைப்பிடி திரும்பியிருக்கையில் முன்பிரேக்கை இழுத்தால் வண்டி படுத்துவிடும். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் நிறுத்தும் பாடம். நேராகச் செல்லும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். நிற்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால், பெரும் பிடிப்பு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பத்தாம் நாள் விடியற்காலையில், ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில் ஒரு சுற்று வந்தால் போதும்.

ஆயினும் கோயில் திடல் வேறு, கிழக்கு விரைவுச் சாலை வேறு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், நாம் திடுக்கிட்டு விழிக்கும் ஒரு விநாடியில் வண்டி 11 மீட்டர் கடந்துவிடும். 60 கிலோமீட்டரில் ஏறக்குறைய 17 மீட்டர். பிரேக் பிடித்த பின்னும், வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே திரும்பி வந்தபின் இரண்டு வாரமேனும் நகரத் தெருக்களில் துணையுடன் பழகி, மழை பிடிக்குமுன் தேர்வுக்குப் போவது நலம். முதல் மழையில் எண்ணெய்ப் பசை மிதக்கும் சாலையும், நனைந்த இரும்பு மூடிகளும், வெள்ளைக் கோடுகளும் வழுக்கும்.

தேர்வன்று பதிவுச் சான்று, காப்புறுதி, புகைச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். டயரின் காற்றையும் சங்கிலியின் தளர்ச்சியையும் முதல் நாளே பாருங்கள். தலைக்கவசத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும், வாரைப் பூட்டாத கவசம் கவசமாகாது. பின்னால் அமர்பவருக்கும், நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் அது வேண்டும் என்கிறது சட்டம். துப்பட்டாவை முடிந்துகொள்ளாமல் ஏறக்கூடாது. பின்சக்கரத்தின் சேலைக் காப்பு அழகைக் கெடுக்கிறதென்று கழற்றிவிடும் பிள்ளைகளை அன்னையர் கண்டிக்க வேண்டும்.

இத்தனையும் கேட்ட தங்கை, "நாள் போதுமா, அண்ணா?" என்றாள். விரல்விட்டு எண்ணினோம். ஜூலை முதல் தேதிக்குள் ஒருமுறை தோற்று, ஏழு நாள் பழகி, மறுபடி எழுதவும் இடமிருந்தது. பதறாத காரியம் சிதறாது.

நாம் ஊரை விட்டு வந்தவர்கள். வீட்டில் ஒரு கை ஒடிந்தால், தாங்கிக்கொள்ள அத்தையும் சித்தியும் அடுத்த தெருவில் இல்லை. விடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் பெண் மாலையில் படியேறி வரும் ஓசைதான் நமக்கு வேண்டியது. மறுநாள் காலை தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டதாம். தரகருக்கு ஒரு கும்பிடு போட்டாகிவிட்டதாம்.