பழியை ஜின்களின் மேல் போடாதீர்கள்

காலின் வில்சன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் பெயரை நம் வீடுகளில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் கிளறிக்கொண்டிருந்த மூன்று பொருள்களும் நமக்குப் புதியவை அல்ல. மனிதனின் உள்ளுணர்வு, அமானுஷ்யம், கொலை ஆகியவையே அவை. இவற்றில் பின்னிரண்டும் இஷாத் தொழுகைக்குப் பின் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் ஓடிக்கொண்டிருப்பவைதாம். அந்த மனிதரிடமிருந்து கொள்ள வேண்டியது ஒன்றும் தள்ள வேண்டியது ஒன்றும் உண்டு. நம் சமுதாயமோ தள்ள வேண்டியதைக் கொண்டாடிக்கொண்டு, கொள்ள வேண்டியதன் பக்கம் திரும்பிப் பார்க்கவும் மறுக்கிறது. என் வழக்கு அதுவே.

1931இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு காலணித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் வில்சன். பதினாறு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இலண்டனில் வாடகை கொடுக்க வழியின்றி, ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்னும் திறந்தவெளியில் இரவு உறங்கி, பகலில் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசகசாலையில் அமர்ந்து எழுதினார். 1956இல் 'தி அவுட்சைடர்' வெளிவந்தபோது அவருக்கு வயது 24. ஒரே வாரத்தில் நாடறிந்தவரானார். அடுத்த ஆண்டு வந்த நூலை அதே விமர்சகர்கள் மிதித்துத் தள்ளினர். அவர் கார்ன்வாலுக்குக் குடிபெயர்ந்து, 2013இல் மரணிக்கும் வரை நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். உழைப்பாளி என்பதில் ஐயமில்லை.

மனிதனுக்குள் ஒரு 'ரோபோ' இருக்கிறது என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. தட்டச்சு, வாகனம் ஓட்டுதல் போன்றவற்றை நாம் கற்றதும் அந்த ரோபோ அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. கெடுதல் என்னவெனில், அது அங்கே நிற்பதில்லை. நாம் விரும்பிக் கேட்க வேண்டியதையும் அன்போடு செய்ய வேண்டியதையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிடுகிறது. நான்கு ரக்அத் தொழுது ஸலாம் கொடுத்தபின் எந்த ஸூரா ஓதினோம் என்று யோசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் அறிஞர்கள் கஃப்லத் என்று அழைத்த மறதிநிலை இது. வில்சன் அதன் அருகில் வந்து நின்றார் என்று தாராளமாக ஒப்புக்கொள்கிறேன்.

அங்கிருந்து அவர் வழி மாறியது. 1971இல் 'தி அக்கல்ட்' என்ற பெரிய நூலின் மூலம் மாந்திரீகத்துக்குள் நுழைந்தார். கரண்டியை வளைத்துக் காட்டிய யூரி கெல்லரைப் பற்றி 1976இல் ஒரு தனி நூல் எழுதினார். வீட்டுப் பொருள்கள் தாமாகப் பறப்பதாகச் சொல்லப்படும் நிகழ்வுகளுக்குக் குழம்பிய மனத்தின் ஆற்றலே காரணம் என்று முதலில் கருதியவர், யார்க்‌ஷயரின் பாண்டிஃப்ராக்ட் நகரில் ஒரு வீட்டைப் பற்றி விசாரித்த பின் ஆவிகளே காரணம் என்று மாறினார். சாட்சி சொன்னவர்களை நம்பியதைத் தவிர அவர் கையில் வேறு ஆதாரம் இல்லை.

“ஜின்களை நாமும் நம்புகிறோமே, உஸ்தாத்?” என்று கேட்பீர்கள். நம்புகிறோம். ஜின்கள் படைப்பினம் என்று நம்புவது வேறு. அவற்றிடமிருந்து செய்தி வாங்கித் தருவதாகச் சொல்பவனை நம்புவது வேறு. நபி ஸுலைமான் (அலை) அவர்கள் கைத்தடியில் சாய்ந்தவாறே மரணித்திருந்தபோது, அந்தத் தடியைப் பூமியின் சிற்றுயிர் அரித்து உடல் சாயும் வரை ஜின்கள் கடும் வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தன என்று ஸூரத்துஸ் ஸபஃ நமக்கு அறிவிக்கிறது. கண்ணெதிரே நிகழ்ந்த மரணத்தை அறியாதவைதாம் உங்கள் மகளின் திருமணத் தடையை அறியப்போகின்றனவா? தகட்டுக்கும் தாயத்துக்கும் ஆயிரக்கணக்கில் வாங்குபவர் இந்த வசனத்தை ஓதாதவர் அல்லர்.

குற்றத்தைப் பற்றிய அவருடைய எழுத்திலும் சறுக்கல் உண்டு. சிறுவர்களைக் கொன்ற இயான் பிராடியுடன் பல்லாண்டு கடிதத் தொடர்பு வைத்திருந்து, 2001இல் அவன் எழுதிய நூலுக்கு முன்னுரையும் வழங்கினார். எனக்கு அது அருவருப்பாக இருக்கிறது. கொலைகாரனின் மனத்தை ஆராயலாம். அவனுக்கு மேடை தரத் தேவையில்லை.

ஆயினும் 1984இல் வெளிவந்த 'எ கிரிமினல் ஹிஸ்டரி ஆஃப் மேன்கைன்ட்' நூலில் ஒரு பகுதி இருக்கிறது. நிக்காஹ் பேச்சு முடித்த ஒவ்வோர் இளைஞனுக்கும் அதைப் படித்துக் காட்ட வேண்டும். ஏ. இ. வான் வோக்ட் என்ற கதாசிரியர் வகுத்த ஒரு மனித வகையை வில்சன் அதில் விரிவாக எடுத்தாள்கிறார். 'தான் சொல்வதே சரி' என்னும் மனிதன். எந்தச் சூழலிலும், எந்தச் சிறு செய்தியிலும், தான் தவறியதாக ஒப்புக்கொள்ள அவனால் இயலாது. வெளியில் பண்பாளனாக இருப்பான். வீட்டில் ஒரு கேள்வி கேட்டால் வெறி பிடித்தவனாவான். மனைவி அவனுடைய சுயமதிப்பைத் தாங்கும் தூண்; அவள் விட்டுச் சென்றால் அவன் உடைந்து நொறுங்குவான். இத்தகையோரில் பெரும்பாலோர் கொலை செய்வதில்லை, குடும்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வதைப்பதோடு நின்றுவிடுகின்றனர் என்பதே அந்தப் பகுதியின் கனம்.

இந்த மனிதனை நமக்கு முன்பே தெரியும். ஆதத்தைவிடத் தான் மேலானவன் என்று வாதாடி, தவறை ஒப்புக்கொள்ள மறுத்த இப்லீஸ் அவனுக்கு முன்னோடி. ஆதம் (அலை) அவர்களோ தமக்குத் தாமே அநீதி இழைத்துவிட்டதாக உடனே சொன்னார்கள்.

இனி நம் ஊர்களைப் பாருங்கள். ஒரு பெண் உண்ணாமல் உறங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், “காற்றுக் கறுப்பு பட்டுவிட்டது” என்று ஓதிப் பார்க்க அழைத்துச் செல்கிறோம். அவளுடைய கணவன் அவளை எப்படி நடத்துகிறான் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் குடும்ப மானம் போய்விடுமாம். ஜின்னின் மேல் பழி போட்டால் ஜின் மறுத்துப் பேசாது. மாமியாரும் மாமனாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மனநோயாளிகளையும் இப்படித்தான் நடத்தினோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது மருத்துவம்.

“முஸ்லிமல்லாத ஒருவரின் நூலிலிருந்து நமக்குப் பாடமா?” என்று சில சகோதரர்கள் சினம் கொள்ளக்கூடும். பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோரை அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கச் செய்த வரலாறு அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே என் சக ஆலிம்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்களிடம் ஒரு பெண்ணை ஓதிப் பார்க்க அழைத்து வந்தால், குர்ஆனைத் தாராளமாக ஓதுங்கள், காசு வாங்காதீர்கள். அதற்கு முன், அழைத்து வந்த ஆணை மட்டும் தனியே உட்காரவைத்து, கடைசியாக எப்போது மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாய் என்று விசாரியுங்கள். பிறகு அவளுடைய தாயின் முன்னிலையில் அவளிடமும் விசாரியுங்கள். மருத்துவரிடம் காட்டினீர்களா என்பதையும் கேளுங்கள். கேட்காமல் தண்ணீர் ஓதிக் கொடுத்தனுப்பினால், அந்த வீட்டில் நடப்பதில் நமக்கும் பங்கு உண்டு.