ஒற்றைக் கண்ணின் சட்டம்

கோடுகளை ஒரு மறைபுள்ளியை நோக்கிக் குவித்து, அண்மையைப் பெரிதாகவும் சேய்மையைச் சிறிதாகவும் காட்டும் தூரநோக்கு முறைக்கு அமையாத ஓவியம் குறையுடையது என்னும் கருத்து, சித்திரம் கற்பிப்போர் பலரிடம் ஐயத்துக்கு அப்பாற்பட்ட உண்மைபோல நிலைத்துவிட்டது. கண்டிக்கால விகாரைச் சுவர்களில் தடாகம் மேலிருந்தும் அதன் கரைமரம் பக்கத்திலிருந்தும் பார்த்தாற்போல ஒருங்கே தீட்டப்பட்டிருப்பதைக் கண்டு, அவ்வோவியர் முப்பரிமாணம் அறியாதவர் எனத் தீர்ப்பளிப்போர் இக்கருத்தின் வழிவந்தவரே. எச்சட்டத்தின்கீழ் இத்தீர்ப்பு வழங்கப்படுகின்றது என்பதை அவர்கள் ஆராய்ந்தாரல்லர்.

அச்சட்டம் இயற்கை விதித்ததன்று. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புளோரன்ஸ் நகரக் கட்டடக் கலைஞர் புரூனலெஸ்கி அந்நகர் ஞானஸ்நான ஆலயத்தைப் பலகையொன்றில் வரைந்து அதிலே துளையொன்றிட்டார். பலகையின் பின்னின்று, துளையினூடே ஒற்றைக் கண்ணால், எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் விம்பத்தைப் பார்க்கச் செய்தார். 1435இல் அல்பேர்ட்டி எழுதிய இலத்தீன் நூல் இம்முறைக்குக் கேத்திரகணித விளக்கம் தந்தது. கண்ணுக்கும் பொருளுக்கும் இடையிலான கதிர்களை ஒரு தளம் வெட்டுமிடமே ஓவியம் என்பது அதன் சாரம். (இதற்கு வேண்டிய ஒளியியல் அறிவை வளர்த்தவர்களுள் 11ஆம் நூற்றாண்டின் இப்னுல் ஹைதமும் ஒருவர். ஆதலின் இதனை வெறும் மேலைத்தேயச் சரக்கெனத் தள்ளுவோரும் சற்றுத் தயங்குதல் நன்று.) அம்முறை வேண்டுவது அசையாத ஒரு கண், மனிதனுக்கோ கண்கள் இரண்டு, அவை ஓயாது அசைவன.

நிபந்தனை தவறுமிடத்து விதியின் விளைவு விசித்திரமாகின்றது. ஓவியத் தளத்துக்குச் சமாந்தரமான வரிசையில் நிற்கும் சமபருமனான உருளைத் தூண்களை விதிப்படி வரைந்தால், கண்ணுக்கு நேரேயுள்ள தூணைவிட ஓரத்துத் தூண் அகலமாக அமையும். ஓரத்துக் கோளம் நீள்வட்டமாகும். ரபாயேல் 1509க்கும் 1511க்குமிடையில் வத்திக்கானில் தீட்டிய ‘ஏதென்ஸ் கலாசாலை’யின் வலப்புறத்தில் இருவர் கோளங்களை ஏந்தி நிற்கின்றனர். கட்டடம் முழுவதும் ஒரே மறைபுள்ளிக்குக் கட்டுப்பட்டிருக்க, அக்கோளங்கள் மட்டும் வட்டமாகவே உள்ளன. விதியை நன்கறிந்தவரே கண்ணின் பொருட்டு அதனை மீறினார். அவரைக் குறைகூறுவார் எவருமிலர். விகாரை ஓவியர் இவ்விதியை அறிந்திருந்தாரா என்பதன்று வினா. அவரது பணிக்கு அது வேண்டியிருந்ததா என்பதே. நீண்ட பட்டைகளாக விரியும் சாதகக் கதையை நடந்து நடந்து பார்ப்பவனை ஒற்றை மறைபுள்ளி ஓரிடத்தில் அறைந்து நிறுத்திவிடும். ஐந்து மீற்றருக்கு மேல் நீளும் ஜாங் செதுவானின் 12ஆம் நூற்றாண்டுச் சீனச் சுருளோவியத்துக்கும் இது பொருந்தும்.

பொறியியலாளரும் அளவு வேண்டுமிடத்துத் தூரநோக்கைக் கைவிடுகின்றனர். 1822இல் கேம்பிரிட்ஜில் வில்லியம் பாரிஷ் விளக்கிய சமவளவு எறியத்தில் மூன்று அச்சுக்களும் 120 பாகையில் அமையும். சமாந்தரக் கோடுகள் ஒருபோதும் சந்திப்பதில்லை. அச்சுக்களின் வழியே அளவுகோல் வைத்து அளக்கலாம். இதனையும் முப்பரிமாணம் அறியாமை என்பரோ?

தூரநோக்கைக் கற்பித்தல் வேண்டும். எழுப்பப்படாத கட்டடத்தைத் தெருவில் நிற்பவனின் கண்ணுக்குக் காட்ட அதனிலும் சிறந்த முறை அரிது. ஆனால் வகுப்பறைகளில் விதி கற்பிக்கப்படுகின்றது, நிபந்தனை மறைக்கப்படுகின்றது. அடிவானக் கோடு என்பது பார்ப்பவனின் கண்மட்டமே என்பதும், அவன் அமர்ந்தால் அதுவும் தாழும் என்பதும் சொல்லப்படுவதில்லை. மறைபுள்ளிகள் இரண்டையும் சிறு தாளுக்குள்ளேயே நெருக்கி வைப்பதால் பெட்டியின் முன்மூலை கூர்மையாகிக் கோணும்போது, குற்றம் மாணவனின் கைமீது சுமத்தப்படுகின்றது. அதே தாளை அதற்குரிய மிகக் குறுகிய தூரத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் நோக்கினால் அக்கோணல் மறையும் என்பதை அவனுக்குக் காட்டுவோர் மிகச் சிலரே.