நாற்காலியை வட்டமாகப் போட்டால் நோய் தீருமா?

மனத்துக்கு வைத்தியம் பார்ப்பதும் இன்று வியாபாரமாகிவிட்டது. அமெரிக்க நகரங்களில் நாலைந்து வைத்தியர்கள் கூட்டுச் சேர்ந்து நிலையம் திறக்கிறார்கள். எந்த இனத்தாரும் வரலாம், உங்கள் கலாசாரத்தை மதிக்கிறோம் என்று வாசலில் போர்டு தொங்குகிறது. உள்ளே நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கின்றன. எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்து மனக்குறையைச் சொல்லலாம். ஆனால் கட்டணம்? மணிக் கணக்கு! இன்ஷூரன்ஸை ஏற்க மாட்டோம் என்று சொல்லும் இடங்களும் அநேகம். கிடங்கில் மூட்டை தூக்கும் கறுப்பு இனத் தொழிலாளி அந்தப் போர்டைப் படித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அவன் கலாசாரத்துக்கு மரியாதை உண்டு. அவனுக்கு இடம் இல்லை!

அப்படியானால் நோயாளியின் பாஷையையும் பழக்கத்தையும் மதிப்பது வெறும் பித்தலாட்டமா? இல்லை. அது எவ்வளவு அவசியம், எங்கே அது போதாமல் போகிறது என்ற இரண்டையும் அல்ஜீரியாவில் ஒரு டாக்டர் தன் அனுபவத்தில் கண்டார். பெயர் ஃபிரான்ஸ் ஃபனான். மார்த்தினிக் தீவில் 1925-ல் பிறந்த கறுப்பர். ஹிட்லருக்கு எதிரான யுத்தத்தில் போரிட்டவர். 1953-ல் பிளிடா நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை ஏற்றபோது அவருக்கு வயது 28.

அன்று அல்ஜீரியா பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் காலடியில் கிடந்தது. நல்ல நிலமெல்லாம் வெள்ளைக் குடியேறிகள் கையில். நிலத்தை இழந்த குடியானவன் கூலிக்குப் போனான், அல்லது 'கம்மாஸ்' ஆனான். கம்மாஸ் என்றால் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கு உழைக்கும் வாரக்குடி. அந்தப் பெயரே ஐந்து என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஐந்தில் நாலு யாருக்குப் போயிற்று என்று நம் விவசாயக் கூலித் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஜனங்களைப் பற்றி அல்ஜியர்ஸ் வைத்தியப் பண்டிதர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அந்தக் கூட்டத்தின் தலைவர் ஆந்துவான் பொரோ. வடஆப்பிரிக்கனுக்கு மூளையின் மேல்பகுதி சரியாக வேலை செய்வதில்லை, அவன் வெறும் உணர்ச்சியால் நடக்கும் ஆதிவாசி என்று 1935-ல் பிரஸ்ஸல்ஸ் வைத்தியர் மகாநாட்டில் அவர் சார்பில் ஓதப்பட்டது. நிலத்தைப் பிடுங்கியவனுக்கு இதைவிட வசதியான விஞ்ஞானம் வேறென்ன வேண்டும்?

ஃபனானின் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள். பூட்டி வைப்பது வைத்தியம் ஆகாது என்று அவர் நம்பினார். நோயாளிகளைக் கூட்டி உட்கார வைத்துப் பேசச் செய்தார். வார்டுக்குள் ஒரு பத்திரிகை, சினிமா, பண்டிகை, கைவேலை என்று ஏற்பாடு செய்தார். பெண்கள் வார்டில் கலகலப்பு வந்தது. ஆண்கள் வார்டிலோ படுதோல்வி!

ஏன்? ஃபனானுக்கு அரபு தெரியாது. கூட்டம் துபாஷியை வைத்து நடந்தது. அல்ஜீரியக் குடியானவன் துபாஷியை எங்கே பார்த்திருக்கிறான்? கோர்ட்டில், போலீஸ் கச்சேரியில், சர்க்கார் ஆபீஸில். வைத்தியர் பக்கத்திலும் அதே ஆள் நின்றால் எவன் வாய் திறப்பான்? பத்திரிகை நடத்தினார்கள்; பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பின்னல் வேலை கொடுத்தார்கள். அவர்கள் ஊரில் அது பெண்கள் வேலை. நோயாளிகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொரு டாக்டராயிருந்தால் பொரோ சொன்னது சரிதான் என்று கை கழுவியிருப்பார். ஃபனானும் அவருடைய இளம் உதவியாளர் ழாக் அசூலேயும் அப்படிச் செய்யவில்லை. தவறு எங்களுடையது, ஐரோப்பியச் சட்டையை அவர்களுக்கு மாட்டப் பார்த்தோம் என்ற பொருளில் 1954-ல் பகிரங்கமாக எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே அரபு முறையில் ஒரு காப்பிக் கடை எழுந்தது. முஸ்லிம் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. ஊர் ஊராகக் கதை சொல்லிப் பிழைக்கும் கதைசொல்லி வந்தார். மண்ணைக் கொத்தும் வேலை கிடைத்ததும் குடியானவன் கை தானே ஓடியது. மூளை இல்லாதவன் என்று ஓதினார்களே, அந்த மனிதன் பேசத் தொடங்கினான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கலாசாரத்தைப் படித்தவனெல்லாம் ஜனங்களின் நண்பன் அல்ல. கென்யாவில் நிலம் பறிபோன கிக்குயூ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, பிரிட்டிஷ் சர்க்கார் கரோதர்ஸ் என்ற மனநோய் டாக்டரை அழைத்தது. ஆப்பிரிக்க மனத்தை அறிந்தவர் என்று பெயர் வாங்கியவர். மவ் மவ் கலகத்தின் மனோதத்துவம் என்று 1954-ல் அவர் அறிக்கை கொடுத்தார். நிலப் பசியால் வந்த கோபத்துக்கு நோயின் பெயர்! கலாசார ஞானம் எஜமானன் கையில் சாட்டையாவது இப்படித்தான்.

நம்மவர்களிடமும் ஒரு குறை உண்டு. தூக்கம் போய், யாரோடும் பேசாமல் ஒதுங்கும் தோழனைப் பார்த்து, போராட்டத்துக்கு வா, எல்லாம் சரியாகும் என்று சொல்லிவிடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். அது தவறு. காய்ச்சலுக்கு மருந்து வேண்டும் என்றால் மனநோய்க்கும் வேண்டும். ஃபனான் வைத்தியத்தைக் கேலி செய்யவில்லை. இரவு பகலாக அதைச் செய்தார்.

1954 நவம்பர் 1-ந் தேதி விடுதலை யுத்தம் வெடித்தது. சித்திரவதைப்பட்டவனும் அவரிடம் வந்தான், சித்திரவதை செய்தவனும் வந்தான். ஒரு ஐரோப்பியப் போலீஸ் இன்ஸ்பெக்டர், நாள் முழுதும் கைதிகளை வதைத்துவிட்டு வீட்டில் மனைவி மக்களையும் அடிக்கிறவன், வைத்தியம் கேட்டான். வேலையை விட அவனுக்கு மனமில்லை. மனசாட்சி உறுத்தாமல் வதைக்க வழி செய்யுங்கள் என்பதே அவன் கோரிக்கை! நன்றாக யோசியுங்கள், தோழர்களே. மனிதனை அவன் இருக்கும் நிலைமைக்குப் பொருந்தச் செய்வதுதான் வைத்தியம் என்றால், இந்த இன்ஸ்பெக்டருக்கு மருந்து கொடுத்தாக வேண்டாமா?

1956 ஜூலை 5-ந் தேதி வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது சர்க்கார் பழிவாங்கியது. அந்த வருஷக் கடைசியில் ஃபனான் ராஜினாமாக் கடிதம் எழுதினார். பெற்றுக்கொண்டவர் சோஷலிஸ்ட் என்று பெயர் சூட்டிக்கொண்ட மந்திரி ரொபேர் லகோஸ்த். சொந்த நாட்டிலேயே அந்நியனாக்கப்பட்டவனை, நீ அந்நியன் அல்ல என்று ஆஸ்பத்திரிக்குள் வைத்து எப்படித் தேற்றுவது என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். பதிலாக வந்தது 1957 ஜனவரியில் நாடு கடத்தல் உத்தரவு.

அவர் துனிஸ் நகரத்துக்குப் போய், அங்கே பொது ஆஸ்பத்திரியிலேயே பகல்நேர மனநோய்ப் பிரிவு ஒன்றை நிறுவினார். நோயாளி காலையில் வருவான். வைத்தியம் முடிந்து மாலையில் தன் வீட்டுக்கு, தன் ஜனங்களிடம் திரும்புவான். கதவுக்குப் பூட்டில்லை. 1961 டிசம்பரில், அல்ஜீரியா விடுதலை பெறுவதற்கு ஏழு மாதம் முன்பு, ரத்தப் புற்றுநோயால் 36-வது வயதில் ஃபனான் இறந்தார். பிளிடா ஆஸ்பத்திரிக்கு இன்று அவர் பெயர்.