ஷெட்டில் நின்ற புல்லட்டும் ஊர் சுற்றிய புல்லட்டும்

எங்கள் வீட்டில் மூன்று மாதமாக ஒரு மௌனப் போர் நடக்கிறது. காரணம் ஒரு பைக்.

போளூரில் பெரியப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் 1986 மாடல் புல்லட் ஒன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. வேங்கிக்காலில் இருந்து கிளம்பி தனுஷ்கோடி, அங்கிருந்து கன்னியாகுமரி என்று பைக்கிலேயே போய் வர வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. அதுவும் பழைய ஸ்டைல் வண்டியில். உருண்டை ஹெட்லைட், கம்பி வீல், நீர்த்துளி மாதிரி டேங்க். இதைக் கேள்விப்பட்ட பெரியப்பா, "காசு எதுக்குடா வீணாக்கற? இதையே எடுத்துக்கோ" என்றார். நான் தயங்கித் தயங்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் இரண்டு வருடம் பகுதி நேரமாக நின்று சேர்த்த காசையும் அம்மாவின் சீட்டுப் பணத்தையும் போட்டு, வேறொருவர் ஓட்டிய 2013 மாடல் கிளாசிக் 350 வாங்கினேன். அன்றிலிருந்து பெரியப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சும்மா கிடைத்ததை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வாங்கியவனை என்னவென்று சொல்வது? வீட்டில் சொல்லிவிட்டார்கள். இங்கே என் பக்கத்து நியாயத்தை எழுதி வைக்கிறேன். பழைய வண்டி தேடி அலையும் யாருக்காவது உதவலாம். பெரியப்பா இதையெல்லாம் படிக்க மாட்டார் என்ற தைரியமும் உண்டு.

முதலில் ஒன்று. அந்த இரும்பு எஞ்சின் புல்லட் மேல் எனக்கும் மயக்கம்தான். நம்ம ஊர் வண்டி அது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் இதைச் செய்தது. இங்கிலாந்துக் கம்பெனி பிறகு மூடிப் போனது. திருவொற்றியூரில் மட்டும் ஏறக்குறைய அதே வண்டி ஐம்பது வருஷத்துக்கும் மேல் வந்துகொண்டே இருந்தது. உலகத்தில் எத்தனை இயந்திரத்துக்கு இப்படி ஒரு ஆயுள்? ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவில் கொண்டு வந்து, டீகம்ப்ரஸரை அழுத்தி, கிக்கரை முழுசாக ஒரே மிதி. எஞ்சின் உயிர் பெறும் அந்த நொடிக்கு ஈடு கிடையாது.

ஆனால் அந்த நொடிக்கு அப்புறம் அறுநூறு கிலோமீட்டர் இருக்கிறதே?

இரும்பு எஞ்சின் வண்டி அறுபதில் சந்தோஷமாகப் போகும். எண்பதில் ஒரு மணி நேரம் விரட்டினால் சூட்டில் வாடிவிடும். கிராமத்துச் சாலைக்குப் பிரச்சினையே இல்லை. நான்கு வழிச் சாலையில் பின்னால் ஆம்னி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது அறுபது என்பது கொஞ்சம் சங்கடமான வேகம். முன் சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஹெட்லைட் வெளிச்சம் அந்தக் காலத்துக்குப் போதும், எதிரே எல்.இ.டி. விளக்கோடு லாரி வரும் இந்தக் காலத்துக்குப் போதாது.

இதெல்லாவற்றையும் விட எனக்குப் பயம் கால் விஷயத்தில். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பழகினால் சுலபம் என்பார்கள். உண்மைதான். ஆனால் காலேஜுக்கு நான் ஓட்டுவது அப்பாவின் சாதா பைக். எட்டு மணி நேரம் ஓட்டிக் களைத்து, ஒரு நாய் குறுக்கே ஓடும்போது கால் எந்தப் பழக்கத்தை நினைவில் வைத்திருக்கும்? வலது காலைத்தான் அழுத்தும். அங்கே பிரேக் இருக்காது.

நிற்க. இதெல்லாம் மாடல் பற்றிய பேச்சு. உண்மையில் நான் பெரியப்பா வண்டியை மறுத்ததற்குக் காரணம் மாடல் கூட இல்லை. அது நின்ற வண்டி. பத்து வருஷத்துக்கு மேலாக நிற்கிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பது. குறைவாக ஓடியிருந்தால் நல்ல வண்டி என்று நினைப்பு. பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் என்றால் வாயெல்லாம் பல். எனக்கு அது பயமாக இருக்கிறது. அந்த வண்டி பெரும்பாலான நாள் என்ன செய்துகொண்டிருந்தது? நின்றுகொண்டிருந்தது. நிற்கும் வண்டியில் பெட்ரோல் கார்புரேட்டருக்குள் காய்ந்து பிசினாகிறது. டேங்க் உள்ளே துரு பிடிக்கிறது. ஆயில் சீல் காய்ந்து வெடிக்கிறது. டயர் வெளியே பார்க்கப் புதுசு, தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போயிருக்கும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களோடும் அதற்கு ஒத்துப் போகாது. ஆக, நிறுத்தி வைப்பதன் கேடு முன்பை விட இப்போது அதிகம்.

என் நண்பன் கதையைச் சொன்னால் புரியும். போன வருஷம் அவன் ஒரு கன்சல்டிங்கில் இரும்பு எஞ்சின் புல்லட் வாங்கினான். கறுப்புப் பெயின்ட், தங்கக் கோடு, குரோமியம் எல்லாம் கண்ணாடி மாதிரி. வேங்கிக்கால் ஏரிக்கரையில் நிறுத்தி நாங்கள் எடுத்த போட்டோ மட்டும் நூறு இருக்கும். வாங்கிய மூன்றாவது வாரம் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் கிளம்பினோம். ஜவ்வாது மலை ஏற்றத்தில் பாதியில் ஒரு மாதிரி கரகரவென்று சத்தம், அப்புறம் பின் சக்கரம் பிடித்துக்கொண்டு இழுத்தது. அவன் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. எஞ்சின் சீஸ். அங்கே டவரும் கிடையாது. இருட்டும் வரை உட்கார்ந்திருந்து, சந்தைக்குப் போய்த் திரும்பிய ஒரு குட்டியானையில் ஏற்றிப் போளூர் வந்தோம். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: பல வருஷம் நின்ற வண்டி, ஆயில் போகும் வழியெல்லாம் கசடு அடைத்திருக்கிறது, எஞ்சினைத் திறக்காமலே பெயின்ட் மட்டும் அடித்து விற்றிருக்கிறார்கள். போர் வேலை, பிஸ்டன், கனெக்டிங் ராடு... வண்டி வாங்கிய விலையில் பாதி அங்கே போனது. அவன் அப்பா நகை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த வண்டி அது.

அந்த மலைச் சாலையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. தூரம் போக வேண்டுமானால் ஏற்கனவே தூரம் போன வண்டியை வாங்க வேண்டும்.

நம்ம ஊரிலேயே இதற்கு இன்னொரு பாடம் உண்டு. செங்கம் ரோட்டில் ரமணாசிரமப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் புல்லட்டில் போவதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் வந்து தங்கி, வெயில் தொடங்கும்போது ஊருக்குப் போகிறவர்கள் அதில் நிறைய. அப்படி ஒருவர் விட்டுப் போன வண்டி விற்பனைக்கு என்று ஒரு தரகர் கூட்டிப் போனார். வண்டி அழகு. மீட்டரிலும் ஓட்டம் குறைவு. ஆனால் வருஷத்தில் பாதி நாள் ஓட்டம், பாதி நாள் தூக்கம். ஆர்.சி. வேறு இரண்டு கை தாண்டி யாரோ ஒருவர் பெயரில், வேறு மாநிலப் பதிவு. அந்த மாநிலத்து என்.ஓ.சி. வாங்கி இங்கே மறுபதிவு செய்து சாலை வரி கட்ட வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்றார் தரகர். பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் வண்டி வாங்கக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். திரும்பி வந்துவிட்டேன்.

சரி, அப்படியானால் எதை வாங்குவது? என் அபிப்பிராயம், பழைய ஸ்டைலில் வயசு குறைந்ததை. 2008 கடைசியில் தண்டர்பேர்ட் ட்வின்ஸ்பார்க்கிலும் 2009-ல் கிளாசிக்கிலும் வந்த யு.சி.இ. எஞ்சின்தான் ஒரு மாணவனின் பட்ஜெட்டுக்கும் தூரத்துக்கும் பொருந்தி வருவது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடம்பு, ஐந்து கியர், செல்ஃப் ஸ்டார்ட், முன்னால் டிஸ்க், கியர் இடது காலில். டேப்பெட் அடிக்கடி சரி செய்ய வேண்டியதில்லை, ஹைட்ராலிக். குறை இல்லாமல் இல்லை. எண்பதுக்கு மேல் கையும் காலும் மரத்துப் போகிற அதிர்வு. செல்ஃப் ஸ்டார்ட்டில் ஸ்ப்ராக் கிளட்ச் என்று ஒரு பாகம், அது போனால் நல்ல செலவு. பேட்டரி இறங்கிய நிலையில் செல்ஃபை விடாமல் அழுத்தினால் சீக்கிரம் போகும். ஆனால் எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகிய எஞ்சின். ராமநாதபுரத்தில் வண்டி நின்றால் எனக்கு வேண்டியது இதுதான். 2021-ல் வந்த புது கிளாசிக்கில் அதிர்வு ரொம்பக் குறைவு என்பது நிஜம். ஆனால் செகண்ட் ஹேண்டிலும் அதன் விலை இறங்க மாட்டேன் என்கிறது.

யெஸ்டி ரோட்கிங் கேட்கும் நண்பர்கள் உண்டு. மைசூர் தொழிற்சாலை 1996-ல் மூடியதோடு அந்தப் பழைய வண்டி முடிந்தது. கிக்கரே கியர் லீவராகவும் வேலை செய்யும் அந்த வித்தையைப் பார்த்து ரசிக்கலாம். ஒவ்வொரு முறையும் பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து, பாகத்துக்கு அலைந்து கன்னியாகுமரி போக எனக்குப் பொறுமை இல்லை. ஆர்.எக்ஸ். 100 பற்றிக் கேட்காதீர்கள், அது ஊருக்குள் பறக்க.

என் வண்டிக்கு வருகிறேன். வேலூர்க்காரர் ஒருவர் வாங்கியது, அவர் ஒருவரே ஓட்டியது. வாரக் கடைசியில் சொந்த ஊரான திருப்பத்தூர் போய் வருவார். மீட்டரில் 61,000. கன்சல்டிங்காரர் யாரும் சீண்டாத எண். நான் காலை ஏழு மணிக்குப் போய் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. (சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னாலேயே ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காரணம் கேளுங்கள்.) ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன், நீலப் புகை வரவில்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்பினேன், நடுவில் ஒரு இடத்தில் லேசாகத் தட்டியது. கோன் செட் மாற்ற வேண்டும் என்று விலையில் குறைத்தேன். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2218 என்றால் 2018-ன் 22-வது வாரம் செய்தது. என் வண்டியின் பின் டயர் பட்டன் தேயவில்லை, ஆனால் வயசாகிவிட்டது. அதற்கும் குறைத்தேன். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். கடன் பதிவு இருக்கிறதா, பழைய அபராதம் பாக்கி இருக்கிறதா என்று அரசு தளத்தில் பார்த்தேன். ஆர்.சி. 2028 வரை செல்லும். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பணம் எண்ணினேன்.

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். என்றைக்கு ஆயில் மாற்றினார், எத்தனை கிலோமீட்டரில் செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றினார், கிளட்ச் பிளேட் எப்போது, எல்லாம் பேனாவில். அந்த நோட்டுக்கே நான் இரண்டாயிரம் அதிகம் கொடுத்திருப்பேன். அவரிடம் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. கம்பி வீல் என்றால் டியூப் டயர். பஞ்சர் ஆனால் அங்கேயே நிற்கும், ட்யூப்லெஸ் மாதிரி மெல்ல ஊர்ந்து ஊர் போய்ச் சேர முடியாது. ஸ்பேர் டியூபும் அதை மாற்றத் தெரிந்த கையும் வேண்டும். வீட்டு வாசலில் மூன்று முறை பின் சக்கரத்தைக் கழற்றிப் பழகினேன், முதல் முறை இரண்டரை மணி நேரம். சத்தத்துக்காக சைலன்சர் மாற்றிய வண்டியையும் தொடாதீர்கள். போலீஸ் அபராதம் ஒரு பக்கம், செஞ்சி தாண்டுவதற்குள் உங்களுக்கே தலைவலி வரும்.

போன ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு போளூர் போனேன். பெரியப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் பெரியம்மாவை அந்த 86 மாடலில்தான் ஏலகிரிக்கு அழைத்துப் போனார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பெரியம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. நான் வேண்டாம் என்றபோது இது எனக்கு ஞாபகமே வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வந்திருந்தாலும் வண்டி விஷயத்தில் பதில் அதேதான், சொன்ன விதம் மாறியிருக்கும்.

"பட்டன் வண்டி" என்றார். செல்ஃபை அழுத்திப் பார்த்தார். "சத்தமே இல்லியே."

"சத்தம் கம்மிதான் பெரிப்பா."

"எப்போ கெளம்பற?"

"பொங்கல் லீவுல."

கொட்டகைக்குள் போய்த் தார்ப்பாயைத் தூக்கி, டூல் பாக்ஸைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஸ்பேனர் கட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். பழைய புல்லட்டில் பல நட்டு இங்கிலீஷ் அளவு. அந்தக் கட்டில் பாதி என் வண்டிக்குச் சேராது. பக்கவாட்டுப் பையில் டியூபுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கிளட்ச் கேபிள் ஒன்று வாங்க வேண்டும், அது மட்டும்தான் பாக்கி.