எச்சரிக்கை மணியும் ஏமாற்றுக் கொளுவியும்

தன்னைக் காக்க வந்த ஒன்றைத் தொல்லையெனக் கருதி, அதனை ஒழித்துக்கட்ட வழி தேடுவது மனித இயல்பின் விந்தைகளுள் ஒன்றாகும். ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை என நீளும் அம்பாறைக் கரையோர வீதிகளில் ஓடும் கார்களிலும் வான்களிலும் இவ்விந்தையைக் காணலாம். ஆசனப் பட்டியை அணியாது வாகனத்தைச் செலுத்தும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணியே ஈண்டு குறிக்கப்படுவது. அம்மணியை நிறுத்துவதற்கு நேர்வழி ஒன்றே உண்டு. பட்டியை இழுத்து மார்பின் குறுக்கே கொளுவுதலே அது. ஓரிரு விநாடியில் முடியும் அவ்வேலையைத் தவிர்ப்பதற்காக மனிதர் படும் பாடோ பெரிது.

சிலர் பட்டியை இருக்கையின் முதுகுப்புறமாகச் சுற்றிக் கொளுவிவிட்டு, அதன்மேற் சாய்ந்து அமர்கின்றனர். சிலர் இருக்கைக்கு அடியிலுள்ள வயரைக் கழற்றிவிடுகின்றனர். வேறு சிலர், பட்டியே இல்லாத ஓர் உலோக நாக்கை விலைக்கு வாங்கிக் கொளுவியினுட் செருகிவிடுகின்றனர். கொளுவியினுள் இருக்கும் சிறு ஆளி, நாக்கு உட்புகுந்ததா என்பதை மட்டுமே அறியும். அந்நாக்கோடு பட்டி இணைந்துள்ளதா என்பதையோ, அப்பட்டி ஒரு மனிதனின் மார்பைத் தாங்கியுள்ளதா என்பதையோ அது அறியாது. ஆகவே இயந்திரம் ஏமாறுகிறது, மணி அடங்குகிறது. ஆயின், உண்மையில் ஏமாற்றப்பட்டவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கிறது.

மணியை அடக்குவோர் கூறும் நியாயங்கள் மூன்று. “போவது குறுந்தூரம், வேகமும் குறைவு” என்பது முதலாவது நியாயம். ஆலையடிவேம்பிலிருந்து அக்கரைப்பற்றுச் சந்தைக்குச் செல்வதற்குப் பட்டி எதற்கு என வினவப்படுகிறது. மணிக்கு 50 கிலோ மீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு சுவரில் மோதி நிற்குமாயின், உள்ளே கட்டற்றிருப்பவன் அதே வேகத்துடன் முன்னே எறியப்படுகிறான். அது ஏறத்தாழ 10 மீற்றர் உயரமான தென்னை மரத்தின் உச்சியிலிருந்து நிலத்தில் விழுவதற்கு ஒப்பாகும். காலில் தளநார் இன்றி மரமேற எண்ணாத ஊரவர், அம்மரத்தின் உயரத்திற்கு ஈடான வேகத்தில் ஒரு பட்டியுமின்றிப் பயணஞ் செய்வது எவ்வாறு? தூரம் குறுகியதாயினும் மோதலின் விசை குறுகுவதில்லை.

முன்னாசனத்தில் அன்னை மடியில் குழந்தையை இருத்திச் செல்லும் வழக்கமோ இதனினும் கொடிது. அணைத்த கைகள் காக்கும் என்பது அன்பின் நம்பிக்கை. பௌதிகம் அந்நம்பிக்கையை ஏற்பதில்லை. மேற்கூறிய வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியின் பத்திலொரு பங்கில் நிற்குமாயின், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து வைப்பதற்கு ஏறத்தாழ 140 கிலோ பாரத்தைத் தாங்கும் வலிமை தேவைப்படும். இரு நெல் மூட்டைகளின் பாரத்தைக் கண்ணிமைப் பொழுதில் ஏந்தவல்ல கைகள் எந்தத் தாய்க்கு உண்டு?

இரண்டாவது நியாயம் சற்றுக் கனதியானது. பக்கத்து இருக்கையில் அரிசிப் பையையோ தயிர்ச் சட்டிகளையோ வைத்தாலும் மணி ஒலிக்கிறது. பழுதடைந்த ஆளி, பட்டி அணிந்தவரையும் அலைக்கழிக்கிறது. இது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் பரிகாரம் எளிது. பொருளைப் பின்புறத்தே வைக்கலாம். பழுதை ஒரு கராஜில் திருத்திக்கொள்ளலாம். நாய் பொய்யாகக் குரைத்தது என்பதற்காக அதன் வாயைத் தைத்துவிட்டு உறங்குபவனை உலகம் அறிவாளி என்னாது.

மூன்றாவது நியாயம் சுதந்திரத்தின் பெயரால் எழுவது. “உயிர் என்னுடையது, அதனைக் காப்பதும் விடுவதும் என் விருப்பம்” என்பர். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வாதம் ஒருமுறை வெற்றியும் பெற்றது. 1974ஆம் ஆண்டுக்குரிய மாதிரிக் கார்களில், முன்னாசனத்தில் இருப்போர் பட்டி அணிந்தாலன்றி இயந்திரம் இயங்காதவாறு செய்யப்பட்டிருந்தது. மக்கள் வெகுண்டெழுந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் இயற்றப்பட்ட சட்டம் அவ்வேற்பாட்டைக் கட்டாயப்படுத்துவதைத் தடுத்ததோடு, அரசு கோரக்கூடிய எச்சரிக்கை ஒலியையும் 8 விநாடிக்குள் அடக்கியது. எட்டு விநாடி பொறுத்திருப்பவனுக்கு அதன்பின் எச்சரிக்கையே இல்லை. அவ்வரம்பு நீக்கப்பட்டது 2012இலேயே ஆகும். இதற்கிடையில், பட்டி அணியும்வரை விடாது நினைவூட்டும் கருவிகளைச் சுவீடனில் ஆராய்ந்தோர், அவை பொருத்தப்பட்ட கார்களின் சாரதிகளுள் ஏறத்தாழ 99 வீதமானோரும், பொருத்தப்படாத கார்களில் ஏறத்தாழ 82 வீதமானோரும் பட்டி அணிந்திருந்ததைக் கண்டனர். தொல்லை தருவதே அம்மணியின் தொழில். தொல்லையின் அளவே அதன் பயன்.

மேலும், உயிர் ஒருவனுக்கு மட்டும் உரியதா? பின்னாசனத்தில் கட்டற்றிருப்பவன் மோதலின்போது முன்னிருப்பவன்மீதே எறியப்படுகிறான். தன் சுதந்திரத்தால் அயலவனைக் கொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. உழைப்பாளி ஒருவன் வீழ்ந்தால் மனைவியும் மக்களும் முதிய பெற்றோரும் உடன் வீழும் சமுதாயத்தில் இவ்வாதம் மேலும் பொருந்தாது.

அயல்நாடாகிய இந்தியா இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2021ஆம் ஆண்டில் பட்டி அணியாத நிலையில் அங்கு வீதி விபத்துகளில் இறந்தோர் 16,397 பேர் என அந்நாட்டு அரசே கணக்கிட்டது. 2022 செப்டெம்பர் 4ஆம் திகதி பெருந்தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உயிரிழந்தார். அவர் பின்னாசனத்தில் பட்டியின்றி இருந்தார் எனப் பொலிஸார் தெரிவித்தனர். விலையுயர்ந்த காரும் செல்வமும் அவரைக் காக்கவில்லை. 2023 மே மாதம் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரசபை, மணியை அடக்கும் போலிக் கொளுவிகளை விற்ற ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராகக் கட்டளை பிறப்பித்தது. 13,118 விற்பனை அறிவிப்புகள் நீக்கப்பட்டன. சில ரூபாய் பெறுமதியுள்ள உலோகத் துண்டுக்கு இத்துணைச் சந்தை இருந்தமை வெட்கத்துக்குரியது.

இலங்கையில் 2011ஆம் ஆண்டு முதல் சாரதியும் முன்னாசனப் பயணியும் பட்டி அணிதல் சட்டப்படி கட்டாயமாகும். எனினும் பொலிஸாரைக் கண்டதும் பட்டியை மார்பின்மேல் இழுத்துப் பிடித்து, சோதனைச் சாவடி கடந்ததும் கைவிடும் நாடகம் ஓயவில்லை. தண்டப்பணத்திற்கு அஞ்சி மரணத்திற்கு அஞ்சாத இவ்வச்சம் எத்தகைய அச்சம்? பொலிஸார் நிற்கும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிடும். எதிரே குறுக்கிடும் மாடும், ஒழுங்கையிலிருந்து திடீரெனப் புறப்படும் முச்சக்கர வண்டியும் முன்னறிவித்து வருவதில்லை.

எனவே மாற்றம் சட்டத்தினால் மட்டும் வாராது. வயரைக் கழற்றித் தருமாறு கேட்பவனிடம் “முடியாது” எனக் கூறும் துணிவு கராஜ்காரருக்கு வேண்டும். போலிக் கொளுவியை விற்போருக்கு எதிராக நுகர்வோர் அதிகாரசபை நடவடிக்கை எடுத்தல் வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் தத்தம் ஒலிபெருக்கிகளில் இதனையும் ஒரு கடமையாக உரைத்தல் தகும். படித்த இளைஞரோ, நண்பனின் வாகனத்தில் ஏறியதும் அவன் நகைத்தாலும் பட்டியை அணிதல் வேண்டும். மணி ஓயவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. அதனை ஓயச்செய்யவேண்டியது மார்பின் குறுக்கே கொளுவிய பட்டியேயன்றி, வெறும் இரும்பு நாக்கன்று.